சீமைக்குப் போன சொல்: ‘பிளைட்டி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர்க்காலத்து ஆங்கிலக் கதையோ கடிதமோ படிப்பவர்கள் ‘பிளைட்டி’ என்ற சொல்லில் ஒருமுறையாவது தடுக்கி நின்றிருப்பார்கள். பதுங்குகுழியில் சேற்றோடும் எலியோடும் கிடக்கும் பிரிட்டிஷ் சிப்பாய் பெருமூச்சு விட்டுச் சொல்லும் சொல் அது. அகராதியைத் திறந்தால் ‘இங்கிலாந்து, தாயகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அரபு, பாரசீகம், உருது, நம் பக்கத்துக் கொச்சை என்று ஒரு நீண்ட வம்சாவளி இருக்கிறது. மற்றவர்கள் கேட்ட கேள்விகளோடு, யாரும் கேட்காமல் நானே கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிளைட்டி என்றால் சரியாக என்ன?

பிரிட்டன். அதுவும் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ்காரர் ஏக்கத்தோடு நினைக்கும் பிரிட்டன். லண்டனில் பேருந்துக்கு நிற்பவர் தான் நிற்கும் இடத்தைச் சாதாரணமாக அப்படிச் சொல்லமாட்டார். கடல் தாண்டிப் போனால்தான் அது பிளைட்டி. துபாயில் இருப்பவர் ‘அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்’ என்கிறாரே, அந்த ‘ஊர்’ மாதிரி.

இதற்கு இரண்டாவது பொருள் ஒன்று போர்முனையில் முளைத்தது. ஆளைக் கொல்லாமல், ஆனால் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் பட்ட காயத்துக்கும் பிளைட்டி என்றே பெயர். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இது நிஜமாகவே இந்தியாவிலிருந்து போன சொல்லா, அல்லது நாமே சொந்தம் கொண்டாடுகிறோமா?

நியாயமான சந்தேகம். எந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழிலிருந்தோ சமஸ்கிருதத்திலிருந்தோ பிறந்தது என்று நிறுவ ஆள் காத்திருக்கும் நாடு நம்முடையது. ஆனால் இந்தச் சொல்லில் அகராதிக்காரர்களுக்குள் சண்டையே இல்லை. உருதுவின் ‘விலாயத்’, அதிலிருந்து வந்த ‘விலாயதி’, வட இந்தியாவின் கிழக்குப் பக்கத்தில் அதன் பேச்சு வடிவமான ‘பிலாயதி’ ஆகியவைதான் பிளைட்டியின் அப்பா, தாத்தா. ‘விலாயத்’ என்றால் அயல்நாடு, குறிப்பாக இங்கிலாந்து. ‘விலாயதி’ என்றால் அயல்நாட்டைச் சேர்ந்தது.

இங்கேதான் வேடிக்கை. ஆங்கிலேயச் சிப்பாய் தன் தாய்நாட்டைச் செல்லமாக அழைக்க எடுத்துக்கொண்ட சொல்லுக்கு ‘அந்நியம்’ என்று பொருள்.

அரபியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

அரபியில் ‘விலாயா’ என்பது ஆளும் பொறுப்பு, அதிகாரம். அந்த அதிகாரம் செல்லும் நிலப்பகுதியையும், அதாவது மாகாணத்தையும், அது குறிக்கும். உதுமானியப் பேரரசு 1864இல் தன் மாகாணங்களை மாற்றி அமைத்தபோது அவற்றுக்கு ‘விலாயெத்’ என்றே பெயரிட்டது.

இந்த வேர் தமிழுக்கு அந்நியம் இல்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நிக்காஹ் பேசும்போது மணப்பெண்ணுக்குப் பொறுப்பானவரை ‘வலி’ என்பார்கள். இறைநேசர்களை ‘வலிமார்கள்’ என்பார்கள். ‘வலி’யின் அரபுப் பன்மைதான் ‘அவுலியா’. ‘மவுலவி’, ‘மவுலானா’ இரண்டும் அதே வேர்தான். பொறுப்பு, நெருக்கம், காவல், ஆட்சி எல்லாம் ஒரே கொத்தாக அதில் இருக்கின்றன. 1979க்குப் பின் ஈரான் அரசியலில் அடிபடும் ‘வெலாயத்‑ஏ‑ஃபகீஹ்’ என்ற கோட்பாட்டிலும், அதாவது மார்க்க அறிஞரின் ஆட்சி என்பதிலும், இதே சொல்தான் இருக்கிறது. ஈரானின் மதத் தலைமையும் மான்செஸ்டர் சிப்பாயின் ஊர் ஏக்கமும் சொல்வழியில் தூரத்துச் சொந்தம் என்றால் இரு தரப்பும் முகம் சுளிக்கும்.

மாகாணம் என்ற சொல் எப்படி இங்கிலாந்து ஆனது?

இதை ஆங்கிலேயருக்கு விளக்குவது கஷ்டம். தமிழருக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: சீமை.

‘சீமா’ என்றால் வடமொழியில் எல்லை. தமிழில் அது ‘சீமை’ ஆகி, எல்லைக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறித்தது. சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை என்கிறோம். அங்கே யாரும் வெளிநாட்டை நினைப்பதில்லை. அதே சொல் பிறகு ‘வெள்ளைக்காரர்களுடைய சீமை’ ஆகி, கடைசியில் வெறும் ‘சீமை’ என்றாலே இங்கிலாந்து என்றானது. சீமைக்குப் போய்ப் படித்தவர், சீமைத் துணி, சீமைத்துரை. வேலை செய்யாமல் மிடுக்காகத் திரிபவனை இன்றைக்கும் ‘பெரிய சீமைத்துரை’ என்று திட்டுகிறோம்.

விலாயத்தும் அப்படியே நடந்து வந்த சொல். முதலில் மாகாணம், நாடு. பிறகு இந்தியாவில் பாரசீகம் பேசிய மேட்டுக்குடியினரின் வாயில் தூரத்து நாடு. ஆப்கானிஸ்தானமும் ஈரானும் மத்திய ஆசியாவும் அதில் அடங்கும். ஐரோப்பியர் வந்து நிலைத்ததும் அது ஐரோப்பாவைப் பார்த்துத் திரும்பியது. பிறகு இங்கிலாந்து மட்டும்.

இதற்குக் காலக்கணக்கு சொல்ல ஒரு நல்ல சாட்சி உண்டு. வங்காளத்தின் நதியா பகுதியைச் சேர்ந்த மிர்சா ஷேக் இத்திசாமுதீன் என்ற முன்ஷி 1760களின் பிற்பகுதியில் இங்கிலாந்து போய் வந்தார். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு எழுதிய கடிதத்தோடு புறப்பட்ட பயணம் அது. கடிதம் மன்னர் கைக்குப் போகவே இல்லை. கிளைவ் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆனாலும் முன்ஷி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி, பாரசீகத்தில் ஒரு பயண நூல் எழுதினார். அதன் பெயர் ‘ஷிகுர்ஃப்நாமா‑ஏ‑விலாயத்’. விலாயத்தின் அதிசயங்கள் என்று சொல்லலாம். ஆக, 18ஆம் நூற்றாண்டிலேயே விலாயத் என்றால் இங்கிலாந்து என்று எழுதுகிறவருக்கும் புரிந்திருக்கிறது, படிக்கிறவருக்கும் புரிந்திருக்கிறது.

சீமையும் விலாயத்தும் ஒரே மாதிரி என்பது தற்செயலா?

ஒன்றைப் பார்த்து மற்றொன்று நகலெடுத்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டும் எவ்வளவு தூரம் கைகோத்து நடக்கின்றன என்பதற்கு நம்மூர்க் கண்மாய்க் கரையில் சாட்சி நிற்கிறது: சீமைக் கருவேலம். டெல்லியின் மலைத்தொடர்க் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே மரத்துக்கு அங்கே என்ன பெயர்? விலாயதி கீக்கர். கீக்கர் என்றால் கருவேலம். சொல்லுக்குச் சொல் அதே பெயர்.

அந்த மரம் இங்கிலாந்தைப் பார்த்ததே கிடையாது என்பதுதான் இதில் சிறப்பு. அதன் பூர்வீகம் மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்கா பக்கம். மராத்தியில் கொடுக்காப்புளிக்கு ‘விலாயதி சிஞ்ச்’, அதாவது சீமைப் புளி, என்று பெயர். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம். தக்காளியை வட இந்தியாவில் ஒருகாலத்தில் ‘பிலாயதி பைங்கன்’, சீமைக் கத்தரிக்காய், என்றார்கள். அதன் சொந்த ஊரும் அமெரிக்காதான். நாம் சீமை எண்ணெய் என்று சொன்ன மண்ணெண்ணெய் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் பீப்பாயில் வந்தது. கப்பலில் வந்து இறங்கியதெல்லாம் துரை ஊர்ச் சரக்கு, அவ்வளவுதான் கணக்கு. சோடாவுக்கு மட்டும் ‘பிலாயதி பானி’ என்ற பெயர் ஓரளவு பொருந்தும், சீமைத் தண்ணீர்.

எங்கள் வீட்டில் பாட்டி கடைசிவரை ‘சீமெண்ணெய்’ என்றுதான் சொன்னார். ரேஷன் கடையில் வாங்கி வந்த எண்ணெயில் சீமை எங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பிளைட்டியைத் தேடப் போனபோதுதான் உறைத்தது.

‘வி’ எப்படி ‘பி’ ஆனது? ‘லாயதி’ எப்படி ‘ளைட்டி’ ஆனது?

முதல் மாற்றம் ஆங்கிலேயர் செய்தது அல்ல, நம்மவர்கள் செய்தது. அவத் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஒரு பகுதி), பீகார், வங்காளம் பக்கம் போகப் போகச் சொல்முதலில் வரும் ‘வ’ ‘ப’வாக ஒலிக்கும். நாம் வங்காளம் என்கிறோம், அவர்கள் பாங்ளா என்கிறார்கள். நாம் விதேசம் என்பது அங்கே பிதேஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்கு ஆள் எடுத்ததே பெரும்பாலும் அவத், பீகார்ப் பகுதிகளில்தான். பாளையத்தில் ஆங்கிலச் சிப்பாயின் காதில் விழுந்தது ‘பிலாயத்’, ‘பிலாயதி’தான்.

இரண்டாவது மாற்றம் ஆங்கில நாக்கின் வேலை. அழுத்தம் இல்லாத முதல் உயிரை விழுங்கிவிட்டால் ‘ப்லாயதி’. நடுவில் இருக்கும் ‘ஆய’ சுருங்கினால் ‘ப்லைதி’. ஆங்கிலத்துக்கு நம்முடைய மென்மையான ‘த’ கிடையாது, ‘ட’தான் வரும். பிளைட்டி ரெடி. ‘சீமை எண்ணெய்’ நம் வாயில் ‘சீமெண்ணெ’ ஆனதைவிட இது ஒன்றும் பெரிய சிதைவு இல்லை.

தன் ஊரையே ‘வெளிநாடு’ என்று அழைக்கிறோம் என்பது அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியாதா?

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். ஒரு சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய் இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். சமையல்காரர், சலவைக்காரர், தேநீர் கொண்டுவரும் பையன் என்று சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவருடைய ஊரை விலாயத் என்றே சொன்னார்கள். ‘சாஹிப் எப்போது பிலாயத் போவார்?’ என்ற கேள்வி நூறு முறை காதில் விழுந்தால், நூற்றியோராவது முறை அவரே ‘பிலாயத் போகிறேன்’ என்பார். மற்றவர் நம் ஊருக்கு வைத்த பெயரைக் கொஞ்சம் கிண்டலாகவும் கொஞ்சம் பாசமாகவும் நாமே எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டு நூல்களில் ஏன் இந்தச் சொல்லைக் காணோம்?

‘பிலாயத்’ இருக்கிறது. ‘பிளைட்டி’ என்ற உருவம்தான் அச்சில் பெருகவில்லை. அது பாளையத்துப் பேச்சு. அதிகாரிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அதற்கு இடமில்லை. இந்தியாவில் பணியாற்றிய பழைய படைப்பிரிவுகள் 1914இல் பிரான்ஸுக்குப் போயின. அங்கே புதிதாகச் சேர்ந்த கடைப் பையன்களும் சுரங்கத் தொழிலாளிகளும் பழைய சிப்பாய்களிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்றதோடு அவர்கள் பேச்சையும் கற்றார்கள். 1915 முதல் கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் பிளைட்டி கொட்டிக் கிடக்கிறது. 1916இல், என்னை அந்த அருமைப் பழைய பிளைட்டிக்கே திரும்பக் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சும் ஒரு மேடைப் பாட்டு பிரிட்டன் முழுக்கப் பரவியது. அதே பெயரில் படைவீரர்களுக்காக ஒரு நகைச்சுவைப் பத்திரிகையும் வந்தது. இந்தியாவையே பார்க்காத லட்சக்கணக்கான பேர் வாயில் இந்தியச் சொல் ஒன்று ஓரிரு ஆண்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

‘பிளைட்டி காயம்’ என்றால் என்ன?

போர்முனையில் இருப்பவருக்கு வெளியே போக மூன்று வழிகள்: சாவு, போர் முடிவு, காயம். முதலாவது வேண்டாம், இரண்டாவது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. மீதி இருப்பது காயம்தான். எலும்பு நொறுங்காமல் தசையில் மட்டும் துளைத்துப் போன குண்டு, கையிலோ காலிலோ பட்ட சிதறல். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பிரான்ஸில் இருக்கும் மருத்துவமனை போதாது. அப்படி ஒன்று பட்டால் கூட இருப்பவர்கள் வந்து வாழ்த்துச் சொல்வார்களாம். ‘உனக்குப் பிளைட்டி கிடைச்சிடுச்சு’ என்று.

அந்தப் பயணம் படிப்படியானது. முன்வரிசைக்குப் பின்னால் ஒரு முதலுதவி முகாம், அதற்குப் பின்னால் கட்டுப்போடும் நிலையம், பிறகு காயம்பட்டோர் நிலையம், அங்கிருந்து ரயிலில் ரூவான் அல்லது எதாப்லின் பெரிய மருத்துவமனை. ஒவ்வொரு படியிலும் ஒரு மருத்துவர் பார்த்து, ‘ஆறு வாரத்தில் சரியாகிவிடும், இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடும் அபாயம் இருந்தது. கப்பலில் ஏற்றிய பிறகுதான் அது நிஜமான பிளைட்டி. உயிர் பிழைப்பதைவிட இந்தத் தேர்வில் தேறுவதுதான் பதற்றமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கிடைக்காதவர்களில் சிலர் தாங்களே தேடிக்கொண்டார்கள். தன் கையைத் தானே சுட்டுக்கொள்வது. கிட்டத்தில் சுட்டால் வெடிமருந்துக் கருகல் தோலில் தெரிந்துவிடும் என்று மணல் மூட்டையை நடுவில் வைத்துச் சுட்டவர்களும் உண்டு. அகப்பட்டால் படை நீதிமன்றம்.

இந்த ஆசை பிரிட்டிஷாருக்கு மட்டும் சொந்தமில்லை. எதிர்க்குழியில் இருந்த ஜெர்மானியர் அதை ‘ஹைமாட்ஷுஸ்’, ஊருக்கு அனுப்பும் குண்டு, என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘நல்ல காயம்’ என்றனர். அமெரிக்கர் அடுத்த போரில் ‘பத்து லட்சம் டாலர் காயம்’ என்றனர். அமெரிக்கர் விலை போட்டதில் ஆச்சரியம் இல்லை.

அதே போரில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தச் சொல் என்னவாக இருந்தது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

லாகூர், மீரட் டிவிஷன்களைச் சேர்ந்த இந்தியப் படைகள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. குளிர்காலம் வரும் நேரத்தில் பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லைப் பக்கத்து ஃபிளாண்டர்ஸ் சேற்றுக்குள் இறக்கப்பட்டன. காயம்பட்டவர்களில் ஏராளமானோர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிரைட்டன் நகரில், நான்காம் ஜார்ஜ் இந்தியக் குவிமாடங்களைப் போலக் கட்டிக்கொண்ட உல்லாச மாளிகையையே அவர்களுக்கு மருத்துவமனை ஆக்கினார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் எல்லோருக்கும் தனித்தனிச் சமையலறைகள், உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் அறிவிப்புப் பலகைகள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஒரு லங்காஷயர்க்காரரும் ஒரு பஞ்சாபியும். இருவருக்கும் காயம். முதலாமவர் பிளைட்டி போகிறார், அதாவது வீட்டுக்கு. இரண்டாமவர் விலாயத் போகிறார், அதாவது வீட்டிலிருந்து இன்னும் தூரமாக. ஒரே சொல், ஒரே ஊர், ஒரே கப்பல்கூட இருந்திருக்கலாம்.

இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து அறிக்கை எழுதினார்கள்; அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. குணமானவர்களை ஊருக்கு அனுப்பாமல் திரும்பப் போர்முனைக்கே அனுப்புகிறார்களே என்ற புலம்பல் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தியர்கள் தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற சந்தேகமும் மேலிடத்தில் இருந்தது. பிரைட்டனின் கிச்சனர் மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த கர்னல் புரூஸ் சீட்டன் 1915இல் 1,000 காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.

திரும்பாதவர்களும் உண்டு. பிரைட்டனுக்கு வெளியே பாட்சம் குன்றுப்புறத்தில் 53 இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்டார்கள். அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்ரி, குடை போன்ற குவிமாடம் கொண்ட நினைவு மண்டபம், நிற்கிறது. 1921இல் திறந்தார்கள்.

‘பிளைட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது பயிர் கருகும் நோய். ‘பிளைட்டர்’ என்ற செல்லத் திட்டு அதிலிருந்து வந்தது. எழுத்தில் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

‘ஹாப்சன்‑ஜாப்சன்’ என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஆங்கிலோ‑இந்தியச் சொற்களுக்கான அகராதி, 1886இல் வந்தது. பிலாயத், பிலாயதி பானி, சீமைக் கத்தரிக்காய் எல்லாம் அதில் இருக்கின்றன. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் வங்காளப் பொறியாளர் படையில் இருந்தவர். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல், நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே. அகராதி அச்சாகி வருமுன் 1882இல் இறந்துவிட்டார். பெயரே ஒரு கொச்சைதான்: முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற குரலைச் சிப்பாய்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

பிளைட்டி மாதிரி வேறு பாளையச் சொற்கள் ஆங்கிலத்தில் உண்டா?

நிறைய. ‘டெக்கோ’ என்றால் ஒரு பார்வை; ‘தேகோ’ என்ற இந்திச் சொல். ‘பக்‌ஷி’ என்றால் ஓசி, பக்‌ஷீஸ். சொகுசான வேலையைக் ‘குஷி’ என்பதன் மறுஉருவான ஒரு சொல்லால் குறிப்பார்கள், பெரும்பாலான அகராதிகள் அதை நம் குஷியோடுதான் சேர்க்கின்றன. லேசான காயத்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. பிளைட்டியும் குஷியும் ஒரே கட்டிலில் படுத்திருந்தன என்று சொல்லலாம். காக்கியைச் சொல்லவே வேண்டாம்.

‘டூலாலி’ ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியது. நாசிக் அருகே உள்ள தேவ்லாலி முகாமில், பணி முடிந்த சிப்பாய்கள் ஊர் போகும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். கப்பல்கள் குளிர்ச்சியான மாதங்களில் மட்டும்தான் ஓடின. பங்குனியில் கப்பலைத் தவறவிட்டவர் ஐப்பசிவரை வெயிலில் வெட்டியாக உட்கார வேண்டும். மூளை கலங்காமல் இருக்குமா? புத்தி பேதலித்தவரை ‘டூலாலி டேப்’ என்றார்கள். டேப் என்பது ‘தாப்’, காய்ச்சல். நம் தாபமும் அதுவே. பிளைட்டிக்காகக் காத்திருந்தே டூலாலி ஆனவர்கள்.

தமிழிலிருந்து இப்படி ஏதாவது போனதா?

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. மிளகுத்தண்ணீர் ஒரு பட்டப்பெயராகவும் ஆனது: சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களை மற்ற மாகாணத்தார் ‘மல்’ என்று கேலி செய்தார்கள். ‘மல்லிகட்டானி’யின் சுருக்கம். பம்பாய்க்காரர்களை ‘டக்’, வாத்து, என்றார்கள். அங்கே காய்ந்த வங்கரவாசி மீனுக்கு ஆங்கிலத்தில் பம்பாய் வாத்து என்று பெயர்.

எனக்குப் பிடித்தது வேறு. படைப்பிரிவில் தப்புச் செய்தவர்களை அடைக்கும் அறைக்குக் ‘காஞ்சி ஹவுஸ்’ என்று பெயர். உள்ளே கிடைக்கும் சாப்பாடு கஞ்சி, அதனால் அந்தப் பெயர். நம் கஞ்சிதான். வட இந்தியாவுக்குப் போன பிறகு அது மனிதர்களை விட்டுவிட்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டது. பயிரை மேய்ந்த மாட்டைக் கொண்டுபோய் அடைக்கும் பட்டிக்கு இன்றும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ‘காஞ்சி ஹவுஸ்’ என்றே பெயர். அங்கே மாட்டை மீட்கப் போகிறவருக்கு, தான் சொல்வதில் பாதி தமிழ் என்று தெரிய வழியில்லை.

இன்று பிளைட்டியை யார் சொல்கிறார்கள்?

ஸ்பெயினில் ஓய்வெடுக்கும் பிரிட்டிஷ் முதியவர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர், பயணக் கட்டுரை எழுதுபவர். கொஞ்சம் வேடிக்கையாக, கொஞ்சம் பழைய வாடையோடு. 2009 முதல் 2013வரை அந்தப் பெயரில் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசைகூட இருந்தது. விலாயத் பக்கம் பார்த்தால் அது இன்னும் தெம்பாக இருக்கிறது; வங்காளத்தில் ‘பிலேத் ஃபெரத்’ என்றால் இங்கிலாந்து போய்த் திரும்பியவர், பழைய மரியாதையோடும் பழைய கேலியோடும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன போடுவது?

‘தாய்நாடு’ வேண்டாம். அது கொடியேற்றும் சொல், பதுங்குகுழியில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ‘சீமை’ என்று போட ஆசையாக இருக்கும், வம்சாவளிப்படி சரி. ஆனால் தமிழ் வாசகருக்குச் சீமை என்றால் அடுத்தவன் ஊர். சிப்பாயின் ஏக்கம் போய்விடும்.

நான் ‘ஊர்’ என்றே போடுவேன். ‘சீக்கிரம் ஊருக்குப் போயிடணும்’ என்றால் போதும். காயத்துக்கு, ‘ஊருக்கு அனுப்புற காயம்’. அதே கதையில் ஓர் இந்தியச் சிப்பாய் வந்து விலாயத் என்று சொன்னால், அவர் வாயில் மட்டும் ‘சீமை’யைக் கொடுங்கள்.